சுமாராக விளையாடும் உரிமை

என் மகளுக்காக நான் எழுதிக் கொடுத்த பொய்க் கடிதங்கள் மொத்தம் நான்கு. நான்கும் ஒரே மாதிரியானவை. 'என் மகளுக்கு வயிற்றுவலியாக இருப்பதால் இன்றைய விளையாட்டு வகுப்பில் கலந்துகொள்ள இயலாது, தயைகூர்ந்து அனுமதிக்கவும்.' கீழே என் கையெழுத்து. கல்லூரியில் மாணவிகள் கொண்டுவரும் விடுப்புக் கடிதங்களில் ஒற்றுப்பிழை பார்க்கிற நான், இந்தக் கடிதங்களை ஒரு பிழையும் இல்லாமல் எழுதியிருந்தேன், அந்த வயிற்றுவலியைத் தவிர.

நான்காவது கடிதம் போன அன்று மாலை பள்ளியிலிருந்து பி.டி. மிஸ் அழைத்தார். "மேடம், தப்பா நினைச்சுக்காதீங்க. இந்த லெட்டரை நான் பதினெட்டு வருஷமா வாங்கிட்டிருக்கேன். கையெழுத்துதான் மாறும். ஒரு பையன்கூட இதுவரைக்கும் கொண்டுவந்ததில்லை. அவனுங்களுக்கெல்லாம் வயிறே வலிக்காதா?" என்று கேட்டுச் சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன். பிறகு அவர் சொன்னார்: "அவளுக்கு வயித்துவலி இல்ல மேடம். எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும்."

தெரியும்தான். எட்டாம் வகுப்புப் படிக்கிற என் மகள் மெதுவாக ஓடுவாள். பந்து வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். இரண்டையும்விடப் பெரிய சிக்கல் ஒன்று இருந்தது. அதை அவள் ஒரே ஒரு முறைதான் என்னிடம் சொன்னாள். ஆட்டம் தொடங்கும் முன் இரண்டு தலைவர்கள் மாறிமாறி ஆள் எடுப்பார்கள். நன்றாக ஆடுகிறவர்கள் முதலில் போவார்கள். கடைசியில் இரண்டு பேர் நிற்பார்கள், பிறகு ஒருத்தி. "கடைசி ஆள் எப்பவும் நான்தாம்மா. நீ வச்சுக்கோ, நீ வச்சுக்கோன்னு ரெண்டு பேரும் சண்டை போடுவாங்க. எடுக்குறதுக்கு இல்ல, தள்ளிவிடுறதுக்கு." இதைக் கேட்ட பிறகும் அவளைப் போய் விளையாடு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பேனாவை எடுத்தேன்.

அன்று நான் என் மகளைக் காப்பாற்றினேனா, ஒளித்து வைத்தேனா? அந்தக் கேள்வியைக் கொஞ்சம் நிதானமாகக் கேட்டுப் பார்க்கவே இந்தக் கட்டுரை.

*

என் அம்மாவும் எனக்காகக் கடிதம் எழுதியிருக்கிறாள். எழுதியது அவள் இல்லை, கைநாட்டு அவளுடையது. எழுதியவள் நான்.

விருதுநகர்ப் பக்கம் ஒரு கரிசல் கிராமம் எங்களுடையது. பன்னிரண்டு வயதுவரை நான் ஓடாத நாளில்லை. கிளித்தட்டு, நொண்டி, பாண்டி, கண்ணாமூச்சி என்று எல்லா ஆட்டமும் ஆடியிருக்கிறேன். பருத்தி எடுத்த காட்டில் செருப்பில்லாமல் ஓடிய கால்கள் இவை. யாரும் என்னை 'நல்லா ஆடுற' என்று சொன்னதில்லை, 'ஆடத் தெரியல' என்றும் சொன்னதில்லை. ஆடுவதற்குத் தகுதி வேண்டும் என்ற எண்ணமே அப்போது எங்களிடம் இல்லை. தெருவில் இருந்தால் ஆட்டத்தில் இருக்கிறாய், அவ்வளவுதான்.

ஏழாம் வகுப்பு முழுப்பரீட்சை விடுமுறையில் ஆளானேன். எட்டாம் வகுப்பில் பாவாடை தாவணி. தாவணி நழுவாமலிருக்கத் தோளில் ஒன்று, இடுப்பில் இரண்டு, முதுகில் ஒன்று என நான்கு ஊக்குக் குத்துவாள் அம்மா. என் பள்ளிக் காலத்தில் விளையாட்டுக்காக எனக்குக் கிடைத்த ஊக்கம் அந்த நான்கு ஊக்குகள்தான் என்று இப்போது வேடிக்கையாகச் சொல்லிக்கொள்கிறேன். வளையப்பந்தைப் பிடிக்கக் கையை உயர்த்தினால் ஊக்குப் பிரிந்து சதையில் குத்தும். கையை உயர்த்தாமல் ஆட முடியாது. "ஆளான பொம்பளப் பிள்ளைக்கு என்னடி ஓட்டம்?" என்பதை அம்மா வாயால் சொல்ல வேண்டியிருக்கவில்லை. உடுப்பே அதைச் சொல்லியது.

அதன்பின் மைதானத்தில் எனக்கு வேறு வேலைகள் கிடைத்தன. ஆடுகிறவர்களின் பைகளைப் பார்த்துக்கொள்வது, கழற்றிக் கொடுத்த கம்மலையும் கடிகாரத்தையும் கைக்குட்டையில் முடிந்து வைப்பது, என் கையெழுத்து நன்றாக இருந்ததால் புள்ளி எழுதுவது. ஆறு ஆண்டுகள் மற்றவர்களின் ஆட்டத்துக்கு நான் கணக்கு எழுதினேன். ஆண்டு விழாவில் அதற்காக ஒரு பரிசுகூடக் கொடுத்தார்கள், ஒரு சோப்பு டப்பா. அப்போது எனக்கு அதில் வருத்தமே இல்லை என்பதைத்தான் இன்று வருத்தத்தோடு நினைத்துப் பார்க்கிறேன். ஓரம் எனக்குப் பழகிப்போயிருந்தது. நிழலாக இருந்தது. அதை நானே தேர்ந்தெடுத்ததாகவும் நம்பினேன்.

*

தமிழ் படித்தவளுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எதைப் பார்த்தாலும் பழைய இலக்கியத்தில் அதற்கு ஒரு பெயரைத் தேடுவாள். என் அம்மாவின் கைநாட்டுக்கும் என் கையெழுத்துக்கும் அங்கே ஒரு பெயர் இருக்கிறது. இற்செறிப்பு.

சங்க அகப்பாடல்களில் பெண்கள் வெளியில் விளையாடுகிறார்கள். கடற்கரை மணலில் வண்டல் இழைக்கிறார்கள், தோழியர் கூட்டத்தோடு ஓரை ஆடுகிறார்கள், கழங்கு ஆடுகிறார்கள், பந்து எறிகிறார்கள், புதுப்புனலில் குதிக்கிறார்கள், ஊசலாடுகிறார்கள். அவர்களோடு ஆடுகிற கூட்டத்துக்கு ஆயம் என்று அழகான பெயர். பிறகு ஒரு நாள் மகளின் உடலில் வந்திருக்கும் மாற்றத்தைத் தாய் கவனிக்கிறாள். ஐயப்படுகிறாள். மகள் வீட்டுக்குள் வைக்கப்படுகிறாள். ஆயம் வெளியே இருக்கிறது, அவள் உள்ளே இருக்கிறாள். இதை வகுப்பில் நான் எத்தனையோ முறை நடத்தியிருக்கிறேன். இற்செறிப்பு என்றால் என்ன என்று இரண்டு மதிப்பெண் வினாவும் கேட்டிருக்கிறேன். என் வீட்டு மேசையிலிருந்தே அது தாள்தாளாகப் போய்க்கொண்டிருந்தபோது எனக்குத் தெரியவில்லை.

பிள்ளைத்தமிழில் இது இன்னும் வெளிப்படை. பிள்ளைத்தமிழுக்குப் பத்துப் பருவங்கள். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி என்று முதல் ஏழும் ஆண்குழந்தைக்கும் பெண்குழந்தைக்கும் பொது. தவழ்வதும் கைதட்டுவதும் நிலாவைக் கூப்பிடுவதும் ஒன்றுதான். கடைசி மூன்றில் பாதை பிரிகிறது. ஆணுக்குச் சிற்றில் சிதைத்தல், சிறுபறை முழக்கல், சிறுதேர் உருட்டல். பெண்ணுக்குப் பெரும்பாலும் அம்மானை, நீராடல், ஊசல். 17ஆம் நூற்றாண்டில் குமரகுருபரர் மீனாட்சிக்கு ஒன்று, முத்துக்குமாரசுவாமிக்கு ஒன்று என இரண்டு வகையையும் பாடினார். ஒரே புலவர், ஒரே தமிழ், ஏழாம் பருவத்துக்குப் பிறகு இரண்டு உலகம்.

ஆண்பிள்ளைக்கு ஒதுக்கப்பட்ட அந்தச் சிற்றில் சிதைத்தலைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். சிறுமிகள் மணலில் வீடு கட்டி விளையாடுகிறார்கள். அவன் வந்து காலால் அழிக்கிறான். அவர்கள் அழிக்காதே என்று கெஞ்சுகிறார்கள். அந்தக் கெஞ்சல்தான் பாட்டு. ஆண்டாளின் நாச்சியார் திருமொழியில் இரண்டாம் பத்து முழுவதும் அந்தக் கெஞ்சல்தான். பக்தியாகவும் காதலாகவும் அதை ரசிக்கப் பழகியிருக்கிறோம். நானும் ரசித்திருக்கிறேன். ஆனால் ஒருவரின் விளையாட்டு இன்னொருவரின் விளையாட்டை அழிப்பதாக இருக்கலாம் என்பதையும், அழிப்பவனுக்கு அது ஒரு பருவமாக, ஒரு சிறப்பாக எழுதி வைக்கப்பட்டிருக்கிறது என்பதையும் நாம் பேசுவதில்லை. மாலை நேரத்தில் எந்தப் பொது மைதானத்துக்கும் போய்ப் பாருங்கள். மூன்று கிரிக்கெட் ஆட்டங்கள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு நடக்கும். ஓரத்தில் நான்கு சிறுமிகள் ஷட்டில் மட்டையோடு இடம் கிடைக்குமா என்று நிற்பார்கள். பந்து அவர்கள் பக்கம் வந்தால் எடுத்துக் கொடுப்பார்கள்.

*

இங்கே நியாயமான ஒரு மறுப்பு எழும். என் தோழி ஒருத்தியே எழுப்பினாள். "பெண்ணுடைய உடம்பு அவளுடையது என்று மேடைமேடையாகப் பேசுகிறோம். உன் மகள் தன் உடம்பை எல்லோர் முன்னாலும் ஓடவிட இஷ்டமில்லை என்கிறாள். அதை மதிக்காமல் கட்டாயப்படுத்தினால் அதுவும் வன்முறைதானே?"

இதற்கு என்னிடம் உடனே பதில் இல்லை. கட்டாயம் என்ன செய்யும் என்பதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் என் கல்லூரி விளையாட்டு விழாவில், எல்லாரும் கலந்துகொள்ள வேண்டும் என்ற நல்லெண்ணத்தில், என் வகுப்பில் சற்றுப் பருமனான ஒரு மாணவியின் பெயரை அவளைக் கேட்காமலே நூறு மீட்டர் ஓட்டத்துக்குக் கொடுத்துவிட்டேன். அவள் ஓடினாள். பார்த்தவர்கள் சிரித்தார்கள். யாரோ கைபேசியில் படம் பிடித்தார்கள். அதன்பின் மூன்று வாரம் அவள் வகுப்பில் என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல மேம்" என்றாள். பரவாயில்லாதது அது என்பது இருவருக்கும் தெரியும். எல்லாரையும் விளையாட வைக்க வேண்டும் என்று யார் சொன்னாலும் எனக்கு முதலில் அந்த முகம்தான் நினைவுக்கு வருகிறது. மகளுக்குக் கடிதம் எழுதியதற்கும் அந்த முகம் ஒரு காரணம்.

ஆனாலும் தோழியின் கேள்வியை நெடுநாள் புரட்டிப் பார்த்தபிறகு எனக்கு ஒன்று பிடிபட்டது. என் மகள் 'இஷ்டமில்லை' என்று சொன்னது விளையாட்டைப் பார்த்து அல்ல. வீட்டு மாடியில் பக்கத்து வீட்டுச் சிறுவர்களோடு அவள் குதிப்பாள், ஓடிப் பிடிப்பாள், மூச்சு வாங்கச் சிரிப்பாள். பள்ளியில் அவள் மறுத்தது தேர்வு செய்யப்படுவதை, கடைசியாக நிற்பதை. என் மாணவிக்கு நடந்ததும் அதேதான். அவள் விளையாட்டில் கலந்துகொள்ளவில்லை, காட்சிக்கு வைக்கப்பட்டாள். வைத்தவள் நான். இந்த இரண்டு மறுப்புகளையும் மதிக்க வேண்டும் என்றால், அவர்களை ஓரத்தில் உட்கார வைப்பது போதாது. அவர்கள் எதை மறுக்கிறார்களோ அதை மைதானத்திலிருந்து எடுக்க வேண்டும். அவமானத்தை அப்படியே விட்டுவிட்டு, அதிலிருந்து விலகி இருக்கும் உரிமையை மட்டும் பெண்ணுக்குக் கொடுப்பதைச் சுதந்திரம் என்று சொல்ல முடியாது. எனக்கும் ஒருகாலத்தில் அந்தச் சுதந்திரம் இருந்தது. பை பார்த்துக்கொண்டேன்.

*

பள்ளியில் வேறு எந்தப் பாடத்தையும் நாம் இப்படி நடத்துவதில்லை. கணக்குச் சரியாக வராத பிள்ளையை, 'நீ போய் நிழலில் உட்கார், நன்றாகக் கணக்குப் போடுகிற பதினொரு பேருக்கு மட்டும் வகுப்பு' என்று அனுப்புவதில்லை. கவிஞராகப் போகிறாயா என்று கேட்டுவிட்டு நூலகத்தில் புத்தகம் கொடுப்பதில்லை. விளையாட்டில் மட்டும் முதல் நாளே நல்லவர்களைப் பொறுக்கி எடுக்கிறோம். மாவட்டப் போட்டிக்குப் போகிற அணிக்குத்தான் பந்து, வலை, ஆசிரியரின் நேரம் எல்லாம். மீதிப் பேர் கைதட்ட. அவர்களுடைய விளையாட்டு வகுப்பைப் பொதுத்தேர்வுக்கு முன் கணக்கு ஆசிரியர் கடன் வாங்கிக்கொள்வார், திருப்பித் தந்ததாகச் சரித்திரம் இல்லை.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் ஒரு பள்ளிக்கு இருக்க வேண்டியவற்றுள் விளையாட்டு மைதானத்தையும் சேர்த்திருக்கிறது. 1989இல் ஐ.நா. ஏற்ற குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 31ஆம் பிரிவு விளையாடுவதைக் குழந்தையின் உரிமை என்கிறது. 1992இல் இந்தியா அதில் இணைந்தது. உரிமை என்றால் திறமையைப் பார்த்துக் கொடுப்பது அல்ல. வாக்குரிமையை அரசியல் அறிவைச் சோதித்துக் கொடுப்பதில்லையே.

5 முதல் 17 வயதுவரை உள்ளவர்கள் நாளுக்குச் சராசரி 60 நிமிடமாவது உடல் நன்கு இயங்கும்படி இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதன் ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட கணக்குப்படி, உலகில் 11 முதல் 17 வயதுள்ள பெண்களில் 85 சதவீதம் பேருக்கு அந்த அளவு கிடைப்பதில்லை. அதில் எனக்கு அதிர்ச்சி இல்லை. அடுத்த எண்தான் என்னை நிறுத்தியது. ஆண்களில் 78 சதவீதம். அதாவது, மைதானம் ஆண்பிள்ளைகளுடையது என்று நாம் சொல்லும்போதுகூட அது எல்லா ஆண்பிள்ளைகளுடையதும் அல்ல. ஒல்லியானவன், குண்டானவன், கண்ணாடி போட்டவன், பந்தைக் கண்டு பயப்படுகிறவன் எல்லாரும் எங்கோ ஓரத்தில்தான் இருக்கிறார்கள். 'பொட்டப் பிள்ளை மாதிரி எறியிறான்' என்ற ஏச்சை வாங்கிக்கொண்டு இருக்கிறார்கள். பெண்ணை வெளியேற்றுகிற அதே சல்லடைதான் அவர்களையும் வெளியேற்றுகிறது.

அந்த ஏச்சைத் தலைப்பாகவே வைத்து, 'ஒரு பெண்ணைப் போல எறிதல்' என்று 1980இல் ஒரு கட்டுரை எழுதினார் அமெரிக்கத் தத்துவவாதி ஐரிஸ் மரியன் யங். பெண் பந்தை எறியும்போது முழு உடலையும் வீசுவதில்லை, கையை மட்டும் பயன்படுத்துகிறாள். காரணம் எலும்பிலோ தசையிலோ இல்லை. தன் உடலைச் செயல்படும் ஒன்றாக உணரும்போதே பிறரால் பார்க்கப்படும் ஒன்றாகவும் உணரும்படி அவள் வளர்க்கப்பட்டிருக்கிறாள் என்பது அவர் வாதம். முதல் முறை அதைப் படித்தபோது என் இடது தோளில் ஊக்குக் குத்தியது.

எல்லாரும் விளையாட வேண்டும் என்பதற்குப் பள்ளிகள் பொதுவாகச் செய்வது, சுவரில் வெற்றியாளர் படம் ஒட்டுவது. பி.டி. உஷா 1984இல் லாஸ் ஏஞ்சல்ஸில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் ஒரு நொடியின் நூறில் ஒரு பங்கில் வெண்கலத்தை இழந்தார். அந்தப் படம் இன்னும் பல பள்ளிகளில் இருக்கிறது, இருக்கவும் வேண்டும். ஆனால் கடைசியாக நிற்கிற பிள்ளையிடம் அந்தப் படம் 'உனக்கும் இடம் உண்டு' என்று சொல்வதில்லை. 'இப்படி ஓட முடிந்தால் வா' என்கிறது. அப்படி ஓடியவர்களுக்கும் மைதானம் எளிதாக இருக்கவில்லை. புதுக்கோட்டை மாவட்டத்துச் செங்கல்சூளைத் தொழிலாளிகளின் மகள் சாந்தி சவுந்திரராஜன் 2006 தோகா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வென்றார். பாலினச் சோதனை என்ற பெயரில் அவர் உடல் கூறுபோட்டுப் பேசப்பட்டது, பதக்கம் பறிக்கப்பட்டது. மெதுவாக ஓடுகிற பெண் கேலிக்கு ஆளாகிறாள், வேகமாக ஓடுகிற பெண் சந்தேகத்துக்கு ஆளாகிறாள். இரண்டு இடத்திலும் ஓட்டத்தைப் பார்க்காமல் உடலைத்தான் பார்க்கிறார்கள்.

அதே 800 மீட்டருக்குப் பழைய கதை ஒன்று உண்டு. 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்கள் முதன்முறையாக அந்தத் தூரத்தை ஓடினார்கள். வென்ற ஜெர்மனியின் லினா ராட்கே உலக சாதனை படைத்தார். ஓடி முடித்துச் சிலர் களைத்துத் தரையில் சாய்ந்தார்கள். பெண்கள் மயங்கி விழுந்தார்கள் என்று பத்திரிகைகள் ஊதிப் பெருக்கின. அதன்பின் 1960வரை ஒலிம்பிக்கில் பெண்களுக்கு அந்த ஓட்டம் இல்லை. ஆண் களைத்து விழுந்தால் அது வீரம். பெண் களைத்து விழுந்தால் முப்பத்திரண்டு ஆண்டுத் தடை. அதனால்தான் நான் கேட்பது வெல்லும் உரிமையை மட்டும் அல்ல. களைக்கும் உரிமை, தவறவிடும் உரிமை, சுமாராக ஆடிவிட்டு மறுநாளும் வந்து நிற்கும் உரிமை. திறமைசாலிப் பெண்ணுக்கு எப்போதாவது ஒரு கதவு திறக்கிறது. சுமாரான பெண்ணுக்கு, அவள் சுமாராக இருந்தபடியே, கதவு திறக்கும்போதுதான் அது எல்லாருக்குமான மைதானம்.

*

என் துறையில் பார்வையற்ற மாணவி ஒருத்தி படித்தாள். ஒரு நாள் பேச்சுவாக்கில் தன் சிறப்புப் பள்ளியைப் பற்றிச் சொன்னாள். "அங்க எல்லாருமே கிரிக்கெட் ஆடுவோம் மேம். பந்துக்குள்ள கலகலன்னு சத்தம் கேக்கும். நான் மோசமாத்தான் ஆடுவேன். ஆனா ஆடுவேன். காலேஜுக்கு வந்தப்புறம்தான் என்னைப் பார்வையாளர் ஆக்கிட்டாங்க." சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். கண் தெரியாதவளைப் பார்வையாளராக உட்கார வைத்திருக்கிறோம் என்பது அவள் சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. அந்தப் பள்ளி அவளை மாற்றவில்லை. பந்தை மாற்றியிருந்தது.

அதற்குப் பிறகு என் மகளுக்காக ஐந்தாவது கடிதம் எழுதினேன். அவளிடம் படித்துக் காட்டி, அவள் சரி என்ற பிறகு அனுப்பினேன். அது உண்மையான கடிதம். 'என் மகளுக்கு வயிற்றுவலி இல்லை. தலைவர்கள் ஆள் எடுக்கும் முறையில் கடைசியாக நிற்பது அவளுக்கு அவமானமாக இருக்கிறது. அந்த முறையை மாற்ற முடியுமானால் அவள் விளையாட விரும்புகிறாள். மாதவிலக்கு நாட்களில் ஆடுவதா உட்காருவதா என்பதை அவளே சொல்வாள். அதற்குக் கடிதம் கேட்க வேண்டாம்.'

பி.டி. மிஸ் என்னை நேரில் வரச் சொன்னார். கோபமாக இருப்பார் என்று நினைத்துப் போனேன். களைப்பாக இருந்தார். "ரெண்டு செக்‌ஷனுக்கு எண்பது பிள்ளைங்க, நாற்பது நிமிஷம், மூணு பந்து. மைதானத்துல பாதி கிரிக்கெட் கோச்சிங்குக்குப் போயிடுச்சு. காலையில ப்ரேயர்ல லைன் நிறுத்தணும், முடி வெட்டாதவனைப் பிடிக்கணும், ஆண்டு விழான்னா நாற்காலி எண்ணணும். இதுல யார் கடைசியா நிக்கிறான்னு நான் எப்ப மேடம் பாக்குறது?" அவர் கபடி ஆடியவர். திருமணத்துக்குப் பிறகு ஒரு முறைகூட ஆடியதில்லை என்றார். அவரையும் யாரோ ஓரத்தில்தான் நிறுத்தியிருந்தார்கள், கழுத்தில் ஒரு விசிலோடு.

பேச்சு எங்கெங்கோ போய் எங்கள் இருவரின் ஊருக்கும் வந்தது. அப்போதுதான் அவர், "நாமெல்லாம் உத்தி பிரிச்சுல்ல ஆடுனோம்?" என்றார்.

உத்தி. தொல்காப்பியம் மரபியலில் சொல்லும் முப்பத்திரண்டு உத்திகளுள் இது கிடையாது. ஆனால் அவற்றில் எதற்கும் குறைந்ததில்லை. இரண்டு தலைவர்கள் ஓரிடத்தில் உட்காருவார்கள். மற்றவர்கள் தமக்கு நிகரான ஆளைத் தேடிச் சோடி சேர்வார்கள். ஒவ்வொரு சோடியும் தள்ளிப்போய் ரகசியமாக ஆளுக்கொரு பெயர் வைத்துக்கொள்ளும். தோளில் கைபோட்டபடி திரும்பி வந்து, மாம்பழம் வேணுமா, பலாப்பழம் வேணுமா என்று கேட்கும். தலைவர் ஒரு பெயரைச் சொல்வார். மாம்பழம் யாரென்று அவருக்குத் தெரியாது. அந்தப் பெயருக்குரியவர் அவர் பக்கம், மற்றவர் எதிர்ப் பக்கம். அணிகள் சமமாக அமையும். யாரும் பொறுக்கி எடுக்கப்படுவதில்லை, யாரும் கடைசியாக மிஞ்சுவதில்லை.

1971இல் வந்த 'நீதிக் கோட்பாடு' நூலில் ஜான் ராவ்ல்ஸ் சொல்லும் அறியாமைத் திரையை நான் முனைவர் பட்ட நாட்களில் கஷ்டப்பட்டுப் படித்தேன். தான் எந்த இடத்தில் இருக்கப் போகிறோம் என்று தெரியாமல் விதிகளை வகுத்தால்தான் அந்த விதிகள் நியாயமாக இருக்கும் என்பது அதன் சாரம். அதற்கு உறவான ஒன்றை எழுதப் படிக்கத் தெரியாத எங்கள் தெருப் பிள்ளைகள் மாம்பழத்தையும் பலாப்பழத்தையும் வைத்துச் செய்துகொண்டிருந்தார்கள். ராவ்ல்ஸிடம் இல்லாத ஒன்றும் உத்தியில் இருக்கிறது. மெதுவாக ஓடுகிறவள், தன்னைப் போலவே மெதுவாக ஓடுகிற இன்னொருத்தியைத் தேடிப்போய்த் தோளில் கைபோட வேண்டும். நீ மட்டும் தனியாக இல்லை என்பது ஆட்டம் தொடங்கும் முன்பே தெரிந்துவிடுகிறது. அந்தத் தோழமைக்குத்தான் ஆயம் என்று பெயர் இருந்ததோ என்னவோ.

பெரிய மாற்றம் எதுவும் நடந்துவிடவில்லை. பி.டி. மிஸ் எட்டாம் வகுப்பில் மட்டும் உத்தி பிரிக்க ஆரம்பித்தார். எண்பது பேரும் ஆடத்தக்க கோகோ, கிளித்தட்டு, எறிபந்து என்று வாரம் ஒன்றாக வைத்தார். அவரது அலமாரியில் நாப்கின் இருப்பது பிள்ளைகளுக்குத் தெரியும். கிரிக்கெட் கோச்சிங் அதே பாதி மைதானத்தில் அப்படியேதான் நடக்கிறது. அதற்காகப் பெற்றோர் சிலர் சேர்ந்து பள்ளி நிர்வாகத்துக்கு எழுதியிருக்கிறோம். பதில் வரவில்லை. எழுதிக்கொண்டிருக்கிறோம்.

என் மகள் இன்னும் மெதுவாகத்தான் ஓடுகிறாள். கோகோவில் முதலில் அவுட் ஆகிறவர்களில் அவள் இருக்கிறாள். போன வாரம் முட்டியில் சிராய்ப்போடு வந்தாள். மஞ்சள் வைக்கப் போனால், "இரும்மா, முதல்ல கேளு" என்று முழு ஆட்டத்தையும் சொன்னாள். அவர்கள் அணி தோற்றிருந்தது. அவளும் அவள் உத்திச் சோடியும் எதிரெதிர் அணியில் இருந்ததையும், ஒருவரையொருவர் துரத்தி இருவருமே விழுந்ததையும் சொல்லும்போது அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடியில் துணிக்கொடிக்கு இந்தப் பக்கம் அவளும் அந்தப் பக்கம் நானுமாக வளையப்பந்து ஆடினோம். முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு ரப்பர் வளையம் கையில். நான் எறிந்ததில் பாதி கொடியையே தாண்டவில்லை. நைட்டியின் மேல் போட்டிருந்த துண்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் எறிந்துகொண்டிருந்தேன் என்பதை அவள் சொல்லித்தான் கவனித்தேன்.

"அம்மா, துண்டை அங்க வை. கையை முழுசா வீசு."

துண்டைத் தண்ணீர்த் தொட்டியின் மேல் வைத்தேன். எதிர் மாடியில் யாரோ துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள். வீசினேன். வளையம் அவளையும் தாண்டி, கைப்பிடிச் சுவரையும் தாண்டித் தெருவில் போய் விழுந்தது. எடுத்து வர இரண்டு பேரும் படியில் ஓடினோம்.